தம்பிக்கு நாளைக்கு இன்டர்வியூ

இரவு 7:52
தம்பி: அக்கா ரெஸ்யூம் அனுப்பிருக்கேன் பாரு. நாளைக்கு காலைல 10 மணிக்கு கிண்டி எஸ்டேட்டுக்கு வர சொல்லிட்டாங்க, ஜெனரேட்டர் சர்வீஸ் டெக்னீஷியன்

அம்மா: சாயங்காலமே வடிவுடையம்மன்கிட்ட வேண்டிக்கினு வந்துட்டேன்பா

இரவு 8:15
நான்: பாத்தேன்டா. டிப்ளமோ 2022ல முடிச்சதுன்னு இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. காசிமேட்டுல மாமா கூட ரெண்டு வருஷம் வேலை செஞ்சியே அது எங்க

தம்பி: அத போடலக்கா. மீன்புடி போட்டு இன்ஜின் ரிப்பேர் தானே, சர்டிபிகேட் கூட கெடையாது. வீட்ல உடம்பு சரியில்ல அதான் எங்கயும் போகலன்னு சொல்லிக்கலாம்னு இருக்கேன்

மாமா: அவன் சொல்றது கரெக்ட்டுமா. கம்பெனிகாரன் முன்னாடி போய் ஆர்பர்ல கிரீஸ் அள்ளிக்கினு இருந்தேன்னா ஒரு மாரி பாப்பான். அது நம்மளோட போவட்டும்

நான்: மாமா நீயே இப்படி சொல்லாத. எங்க ஆபீஸ்ல இன்டர்வியூ நடக்கும்போது ஃபைல் எடுத்து குடுக்கறது நான்தான், நாலு வருஷமா பாக்கறேன், நடுவுல காலியா இருந்தா மொத கேள்வியே அதுல தான் வரும், இவன் ஒரு பொய் சொல்லுவான் அதுலேந்து அடுத்த கேள்வி கேப்பாங்க, அதுக்கு இன்னொரு பொய் சொல்லணும், அப்புறம் பதட்டத்துல நல்லா தெரிஞ்ச பதில் கூட வாயில வராது. எத்தன பசங்கள பாத்திருக்கேன்

நான்: ஜெனரேட்டருக்குள்ள இருக்கறதும் டீசல் இன்ஜின். போட்டுல இருக்கறது என்ன மாமா?

மாமா: டீசல் தான். லேலண்டு, ஆறு சிலிண்டரு

நான்: அப்புறம் என்ன

இரவு 8:31
பெரியப்பா: நான் கேக்கறேன், கூகுள் பாக்காம பதில் போடு. புகை கருப்பா வந்தா?

தம்பி: காத்து பத்தல பெரியப்பா இல்லன்னா டீசல் ஜாஸ்தி போவுது. மொதல்ல ஏர் ஃபில்டர் பாப்பேன், அதுல ஒண்ணும் இல்லன்னா இன்ஜெக்டர் கழட்டுவேன்

பெரியப்பா: நீலமா வந்தா?

தம்பி: ஆயில் எரியுது. ரிங் தேஞ்சிருக்கும்

பெரியப்பா: வெள்ளை?

தம்பி: காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் வந்தா பரவால்ல. சூடான பிறகும் வந்துனே இருந்தா டீசல் முழுசா எரியல, இல்லன்னா தண்ணி உள்ள போவுது, ஹெட் கேஸ்கட் பாக்கணும்

பெரியப்பா: சபாஷ். கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டருக்கு 4 போல், அதாவது நாலு காந்த முனை, 50 ஹெர்ட்ஸ் வரணும், இன்ஜின் ஸ்பீடு எவ்ளோ?

இரவு 8:38
தம்பி: தெரில பெரியப்பா. போட்டுல அது வராது

பெரியப்பா: நிமிஷத்துக்கு 1500 சுத்து. 120ஐ 50ஆல பெருக்கி 4ஆல வகு. ஜெனரேட்டர் வேலைக்கு போறவன தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் இத சொல்லணும். போட்டுல தேவைக்கு ஸ்பீடு ஏத்துவீங்க எறக்குவீங்க, இங்க லோடு ஏறினாலும் எறங்கினாலும் 1500லயே நிக்கணும், அத புடிச்சு வைக்கறது கவர்னர். இன்னிக்கு நைட்டு கவர்னரும் ஆல்டர்னேட்டரும் மட்டும் படி, இன்ஜின் உன் கையிலயே இருக்கு

நான்: மாமா போன மீன்புடி தடைக்காலத்துல எத்தன இன்ஜின் இறக்குனீங்க

மாமா: ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு, போட்டுங்கல்லாம் கரையில நிக்கறப்ப தானே நமக்கு வேலையே. 9 இன்ஜின் இறக்குனோம். அதுல 4 ஹெட்டு இறக்கி வால்வு கிரைண்டிங் பண்ணி டேப்பட்டு செட் பண்ணது முழுக்க அவன் தான், நான் சும்மா பக்கத்துல நின்னேன். ஒரு போட்டு சூடாவுது சூடாவுதுன்னு ரெண்டு மேஸ்திரிங்க வந்து தண்ணி பம்ப மாத்திட்டு போயிட்டாங்க அப்பவும் சூடாவுது, இவன் தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர கழட்டி பாக்கலாம் மாமான்னான், கழட்டுனா கடல் தண்ணி போற டியூபு பூரா சிப்பி புடிச்சு அடைச்சினு கீது. அந்த ஓனரு இன்னிக்கும் தம்பி எங்கன்னு தான் கேப்பாரு

நான்: மாமா இத அவன் நாளைக்கு அப்படியே சொல்லணும்

தம்பி: இத இங்கிலீஷ்ல எப்டிக்கா சொல்றது

நான்: பேரு, படிப்பு, ஊரு இந்த மூணு வரி இங்கிலீஷ்ல சொல்லு, வீடியோ பாத்து மனப்பாடம் பண்ணி வச்சிருக்கியே அத விட்டுடு. வேலைய பத்தி கேக்கறப்ப தமிழ்ல சொல்லட்டுமா சார்னு கேளு, கேக்கறதுல தப்பே இல்ல. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு, இப்ப பெரியப்பாகிட்ட சொன்னியே அந்த மாதிரி

அம்மா: போன தடவ மாரி துட்டு கேப்பாங்களா

நான்: இது கம்பெனியே நேரா கூப்பிட்டது மா. அன்னிக்கு 3000 வாங்கினது நடுவுல இருந்த ஆளு. வேலைக்கு யாரு துட்டு கேட்டாலும் எழுந்து வந்துடுடா

நான்: ஒரிஜினல் மார்க்‌ஷீட், டிப்ளமோ, டிசி, ஆதார், எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ், போட்டோ, பேனா. 8 மணிக்கெல்லாம் தண்டையார்பேட்டை மெட்ரோல ஏறிடு, கிண்டிக்கு நேர் வண்டி, எங்கயும் மாற வேணாம்

நான்: மாமா ஒரு வெள்ளை பேப்பர்ல எந்த தேதிலேந்து எந்த தேதி வரைக்கும் உன்கிட்ட வேலை செஞ்சான், என்னென்ன செஞ்சான்னு எழுதி கையெழுத்து போட்டு உன் நம்பரும் போட்டு குடு

மாமா: நான் எழுதினா செல்லுமா

நான்: அவனுக்கு தொழில் கத்துக் குடுத்தது நீ. வேற யாரு எழுதறது. போன் பண்ணி கேட்டா மேல சொன்னியே அதையே சொல்லு போதும்

தம்பி: நகத்துல கறுப்பு போவே மாட்டுதுக்கா, ரெண்டு வாட்டி சோப்பு போட்டுட்டேன்

அம்மா: தேங்காண்ணெயும் சக்கரையும் வச்சு தேய்டா, வா நான் தேச்சு விடறேன்

இரவு 10:47
மாமா: 📷 போட்டோ
மாமா: நாலு வாட்டி எழுதிட்டேன். தேதி கரெக்ட்டா பாருமா

நான்: கரெக்ட் மாமா. கையெழுத்து அழகா இருக்கு. ரெஸ்யூம்லயும் ஏத்திட்டேன், காலைல கடை தொறந்ததும் பிரின்ட் எடுத்துக்கோடா

காலை 8:04
தம்பி: ஏறிட்டேன்க்கா. மாமா, உன் லெட்டர் தான் ஃபைல்ல மேல வச்சிருக்கேன்