பெங்களூர் அல்சூர் டு நந்தி கிராமம், ஏர்போர்ட் ரோடு இல்லாமல் வழி இருக்கிறதா?
வணக்கம் மக்களே. ஞாயிறு விடியற்காலை சைக்கிளில் கிளம்பி தேவனஹள்ளி கோட்டை, அப்புறம் நந்தி கிராமத்து போகநந்தீஸ்வரர் கோயில், போக வர 100 கிலோமீட்டருக்குக் குறையாது. நந்தி மலை ஏறப் போவதில்லை, 1478 மீட்டர் உயரத்துக்கும் என் முழங்காலுக்கும் ஒத்துவராது.

போன மாதம் ஏர்போர்ட் ரோட்டில் போனபோது ஒரு லாரி முழங்கையை உரசுகிற மாதிரி கடந்துபோனது, அந்த நடுக்கம் நிற்க இரண்டு டீ ஆயிற்று. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள், ஆனால் என்னுடையது 25 எம்எம் டயர், ஜல்லி பெயர்ந்த ரோடு என்றால் பஞ்சர்தான்.

கோயில் வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே அந்தப் படிக்கட்டுக் குளத்தில் அரைமணி நேரம் நிம்மதியாக உட்காரலாமா? துணைக்கு யாராவது வந்தால் சந்தோஷம், இட்லி என் செலவு.