நாகப்பட்டினம் கம்யூனிஸ்ட் கோட்டையா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

கணக்குப்பிள்ளை

தேர்தல் வந்தால் போதும், டிவி விவாதத்தில் யாராவது ஒருவர் நாகப்பட்டினம் கம்யூனிஸ்ட் கோட்டை என்று சொல்லிவிடுகிறார், எதிரே இருப்பவரும் தலையாட்டிவிடுகிறார். நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன், அந்தப் பக்கம் வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததோடு சரி. ஆனால் ஜெயித்தவர்கள் பட்டியலைப் படிக்க ஊர்க்காரனாக இருக்க வேண்டியதில்லை. சிபிஐ, அதாவது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி தரப்பில் 1971ல் காத்தமுத்து, 1977ல் எஸ்.ஜி. முருகையன், 1979 இடைத்தேர்தலில் கே. முருகையன், 1989, 1996, 1998, 2019 என நான்கு முறை எம். செல்வராசு, 2024ல் வை. செல்வராஜ். நடுவில் பாருங்கள்: 1980ல் தாழை கருணாநிதி திமுக, 1984ல் மகாலிங்கம் அதிமுக, 1991ல் பத்மா காங்கிரஸ், 1999ல் தொடங்கி மூன்று தேர்தல் திமுகவின் ஏ.கே.எஸ். விஜயன், 2014ல் அதிமுக கோபால். கோட்டைக்குள் இத்தனை பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்களா? சிபிஐ ஜெயித்த பொதுத்தேர்தல் எதை எடுத்தாலும் திமுகவோ அதிமுகவோ கூட இருந்திருக்கிறது. 2014ல் இரண்டு இடதுசாரிக் கட்சிகளும் தனியாக 18 தொகுதியில் நின்றார்கள். ஒன்றாவது தேறியதா? நாகையில் முதல் இரண்டு இடம் இலைக்கும் சூரியனுக்கும்தான். முடிந்தது கதை.

கடைமடையான்

சார், பட்டியலைப் படித்தீர்கள் சரி, 1989ஐ ஏன் அப்படியே தாண்டிப் போனீர்கள்? அந்த வருஷம் ஜனவரியில் கலைஞர் ஆட்சிக்கு வந்தார், நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்குள் அதிமுகவின் இரண்டு அணியும் ஒன்றாகி, காங்கிரஸும் சேர்ந்து, மொத்தம் 39ல் 38ஐ அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆளுங்கட்சியான திமுகவுக்கு ஒரு சீட்டுகூட இல்லை. திமுக கூட்டணியில் தப்பித்த ஒரே ஒரு தொகுதி நாகப்பட்டினம், தப்பித்த ஒரே ஒரு ஆள் சிபிஐ செல்வராசு. பெரிய கட்சியின் வண்டியில் ஏறி வந்தார் என்கிறீர்களே, வண்டியே குடைசாய்ந்து கிடந்தபோது இவர் மட்டும் டெல்லிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? 1998லும் இதே கதைதான், கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெயலலிதா அணி 30 இடம் ஜெயித்த தேர்தல், நாகையில் செல்வராசு நின்று ஜெயித்தார்.

கணக்குப்பிள்ளை

1998ஐ இதில் சேர்க்காதீர்கள். பக்கத்துத் தஞ்சாவூரில் திமுகவின் பழநிமாணிக்கமும் மயிலாடுதுறையில் அதன் கூட்டாளியான தமாகாவும் (தமிழ் மாநில காங்கிரஸ்) அதே தேர்தலில் ஜெயித்தார்கள். டெல்டா மொத்தமுமே திமுக அணி பக்கம் நின்றது, இதில் சிபிஐக்கு என்ன தனிப் பெருமை?

கடைமடையான்

1998ஐ விடுங்கள். 1989ல் அதே தஞ்சாவூரும் மயிலாடுதுறையும் எதிரணிக்குப் போயின. நடுவில் நாகை மட்டும் நின்றது. அதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

திருக்குவளைத் தம்பி

நான் பதில் சொல்கிறேன் அண்ணே. திருக்குவளை எந்தத் தொகுதியில் இருக்கிறது? கலைஞர் பிறந்த ஊர். திருவாரூர் அவர் படித்த ஊர், கொடி பிடித்த ஊர், கடைசியில் 2011லும் 2016லும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். 1989ல் சிபிஐ சின்னமான கதிர் அரிவாளில் விழுந்த ஓட்டில் பெரும்பங்கு எங்கள் திமுக ஆட்களின் ஓட்டு. நாங்கள் சுவரில் எழுதி, நாங்கள் பூத்தில் உட்கார்ந்து ஜெயிக்க வைத்தோம். 1999ல் நீங்கள் அதிமுக பக்கம் போனீர்கள், விஜயன் ஜெயித்தார். 2009லும் அதிமுக அணியில் செல்வராசுவே நின்றார், மறுபடியும் விஜயன்தான். நாங்கள் இருந்தால் நீங்கள் ஜெயிக்கிறீர்கள், நாங்கள் எதிரே நின்றால் தோற்கிறீர்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

பெரம்பூர் மல்லிகா

தம்பி, 1977ல் திமுக எதிரே நின்றபோதுதான் எஸ்.ஜி. முருகையன் ஜெயித்தார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கலைஞர் மண் என்றால் 1984லும் 1991லும் அந்த மண் எங்கே போனது?

நான் பெரம்பூரில் இருக்கிறேன், ஆனால் அம்மா ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். அங்கே விவசாயத் தொழிலாளர் தெருவுக்குள் போனால் கொடிக்கம்பம் இரண்டு இருக்கும், ஒன்று சிபிஐயின் கதிர் அரிவாள், இன்னொன்று மார்க்சிஸ்ட் கட்சியின் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம். டிவியில் பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், தெருவில் அப்படிக் கிடையாது. யார் எந்தச் சங்கம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தேர்தலுக்கு மட்டும் இரண்டு கொடியும் ஒரே வண்டியில் போகும். அந்தக் கொடி எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டு எம்.பி. பட்டியலை மட்டும் படித்தால் அது அரைக் கணக்கு. 1940களில் பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் கொடுத்துக்கொண்டிருந்த ஊர்களில் பி. சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டினார். கன்னடத்துக்காரர், அவருடைய சமாதி திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தச் சங்கத்தால். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள், அதுதான் குற்றம். அடுத்த வருஷமே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எஸ்.ஜி. முருகையனை எம்.பி.யாக இருக்கும்போதே 1979 ஜனவரியில் கொன்றார்கள். எந்தக் கட்சி கூட்டணிக்கு வரும் போகும் என்று பார்த்து இதெல்லாம் நடக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

மல்லிகா மேடம், வெண்மணியை யாரும் குறைத்துப் பேசவில்லை. நான் கேட்பது ஓட்டைப் பற்றி. தியாகம் இருந்த இடமெல்லாம் கோட்டை என்றால் சட்டமன்றம் முழுக்கச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்று, நீங்கள் சொல்கிற அந்த விவசாயத் தொழிலாளி இப்போது எங்கே? நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி, இல்லையென்றால் இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டட வேலை, சென்ட்ரிங் கம்பி கட்டுகிறார்கள். எங்கள் தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் பேச்சுக் கொடுத்தால் பாதிப் பேர் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி. கூலிச் சங்கம் கூலியாளை வைத்துத்தானே நின்றது?

கடைமடையான்

அதில் பாதி உண்மை. கஜா புயலுக்கு அப்புறம் இன்னும் அதிகமானவர்கள் கிளம்பினார்கள், தென்னையெல்லாம் போய்விட்டது, 2018 நவம்பர் 16. ஆனால் ஓட்டுப் போட ஊருக்குப் போகிறார்களே, தேர்தலுக்கு முந்தின ராத்திரி டெல்டா பஸ்களில் நிற்க இடம் கிடைத்ததா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

திருக்குவளைத் தம்பி

அண்ணே, ஊருக்குப் போகிறவன் எல்லாம் கதிர் அரிவாளில் குத்தத்தான் போகிறான் என்று யார் சொன்னது? அது அவ்வளவு பெரிய கோட்டை என்றால் 2004ல் ஏன் கேட்டு வாங்கவில்லை? திமுக அணி மொத்தமாக 39ஐயும் ஜெயித்த தேர்தல், யார் நின்றாலும் ஜெயம். சிபிஐ கோயம்புத்தூரையும் தென்காசியையும் வாங்கிக்கொண்டு நாகையை எங்களிடம் விட்டுவிட்டது.

பெரம்பூர் மல்லிகா

கையில் இருக்கிற தொகுதியைத் திமுக கொடுத்துவிடுமா தம்பி? விஜயன் அப்போது எம்.பி. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. அந்தத் தேர்தலில் எங்கள் பாட்டி சங்கத்து ஆள்களிடம் சண்டையே போட்டது, "நம்ம கதிர் அருவா எங்கடா, சூரியனைக் காட்டுறீங்க" என்று. கடைசியில் சூரியனில்தான் குத்தியது, சங்கம் சொன்னதால். இப்படிச் சங்கம் சொல்லி விழுந்த ஓட்டு எவ்வளவு என்று உங்கள் கட்சிக் கணக்கில் என்றைக்காவது எழுதியிருக்கிறீர்களா? 2024ல் செல்வராசு அண்ணன் உடம்பு முடியாமல் இருந்தார், நிற்கவில்லை. ஏப்ரல் 19ல் ஓட்டுப்பதிவு, மே 13ல் சென்னையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், ஓட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே. ஆள் மாறியும் தொகுதி சிபிஐயிடமே நின்றது.

கணக்குப்பிள்ளை

39ஐயும் ஒரே அணி வாரிய தேர்தலில் ஆள் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? 1989 ஒன்றுதான் உங்கள் தரப்பில் உருப்படியான சாட்சி, அதையும் தம்பி சூரியன் ஓட்டு என்கிறார். அப்படியானால் அந்த வருஷம் ஜனவரியில் இந்தத் தொகுதிக்குள் வருகிற ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் யாருக்கு எவ்வளவு விழுந்தது, நவம்பரில் எவ்வளவு விழுந்தது, யாராவது எடுத்துப் போடுங்கள். அதிமுகவின் இரண்டு அணி ஓட்டையும் காங்கிரஸ் ஓட்டையும் தனித்தனியாகப் போடவும். வெறும் கூட்டுத்தொகை எனக்கு வேண்டாம்.

கடைமடையான்

போடுகிறேன். பக்கத்திலேயே மயிலாடுதுறையையும் போடுவேன், அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.