காய்ச்சலோடு வருகிறவரிடம் முதலில் எதைக் கேட்பது?

பொருநைச் செவிலி:
நெல்லை மாவட்டத்தில் 11 ஆண்டுகளாக அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மார்கழியில் ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து சில மாதங்களே ஆகின்றன. பிசான நெல்லுக்குக் களை எடுக்கப் போகிறவர். எட்டு நாள் காய்ச்சல். இரண்டு இடங்களில் டெங்கு இல்லை என்று பார்த்துவிட்டு, பாராசிட்டமாலும் செஃபிக்ஸிமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்கியது, இரத்த அழுத்தம் சரிந்திருந்தது. உடை மாற்றும்போதுதான் அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்தேன். ஸ்கிரப் டைபஸ், நாம் சொல்லும் உண்ணிக் காய்ச்சல். செஃபிக்ஸிம் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்டர் உடனே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றினார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் பொருக்கைத் தேடுங்கள். எங்கிருந்து வந்தார், என்ன வேலைக்குப் போகிறார் என்று கேளுங்கள். சந்தேகம் வலுத்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

களக்காட்டுக்காரர்:
தங்கச்சி, ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஆனால் இதையே விதியாக்கினால் காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் போகும். 30 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன் சொல்கிறேன், கிருமிக்கு மருந்து பழகிப்போய் வேலை செய்யாமல் போவது இப்படித்தான். இலங்கையிலிருந்து படகில் வருகிறவர்களை மண்டபம் அகதி முகாமிலேயே முழுமையாகப் பரிசோதித்து அனுப்பட்டும். மலேரியாவும் இன்ன பிறவும் இங்கே வந்து பரவ வேண்டாம்.

பொருநைச் செவிலி:
அண்ணாச்சி, இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்று அளித்துவிட்டது. நமக்கு இன்னும் அந்தச் சான்று கிடைக்கவில்லை. அந்தப் பெண் வந்தே மாதக்கணக்காகிறது. கடித்த உண்ணி நம் வரப்பிலோ புதரிலோ இருந்ததுதான். மண்டபத்தில் என்ன சோதித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

முகாமில் பிறந்தவள்:
அக்கா, பொருக்கைத் தேடச் சொன்னது சரி. "எங்கிருந்து வந்தாய்" என்று தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப்படவில்லை. படகில் வந்தவர்களுக்கு அது போலீஸ் கேட்கும் கேள்வி. வாய் அடைத்துப்போகும். வேலையை முதலில் கேளுங்கள்.

சொல்லும் குழப்புகிறது. என் சித்தி புதிதாக வந்தபோது "எனக்கு வருத்தம்" என்றார். அங்கே வருத்தம் என்றால் நோய். இங்கே மனக்கவலை என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "முட்டு" என்றார், மூச்சிழுப்பைச் சொல்கிறார் என்று தெரியாமல் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரே மொழிதான், அதனாலேயே யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மேற்குமலை மருத்துவர்:
களக்காட்டு அண்ணாச்சியின் பயத்தில் பாதி நியாயம். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது; முதல் சில நாட்களில் இரத்தப் பரிசோதனையும் பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். ஆகவே காத்திருப்பது ஆபத்து. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. ஆனால் மருந்துக்கு முன்பு இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை, எடுத்தே ஆக வேண்டும். சேற்றில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு, மண்ணிலும் நீரிலும் இருக்கும் கிருமியால் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வரலாம். காசநோய் போலவே தோன்றும். அதற்கு மெரோபெனம் அல்லது செஃப்டாசிடிம் வேண்டும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தால் அவரை இழந்துவிடுவோம்.

களக்காட்டுக்காரர்:
மலேரியா பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், தெரியாமல் எழுதிவிட்டேன். மற்றதில் மாறவில்லை. கல்ச்சர் எடுக்க வசதியே இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள், டாக்டர்? கல்லிடைக்குறிச்சியிலோ ஏர்வாடியிலோ ராத்திரி இரண்டு மணிக்கு?

மேற்குமலை மருத்துவர்:
நோயாளி சரிந்துகொண்டிருந்தால் முதல் டோஸைப் போட்டு, போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி, ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்கு அனுப்புவேன். கல்ச்சர் இல்லாதது குறைதான். அதற்காக மருந்தை நிறுத்திவைக்க மாட்டேன்.

முகாமில் பிறந்தவள்:
இரவில் பெண் பணியாளர் இல்லாவிட்டால் அக்குளை யார் பார்ப்பது? எங்கள் பெண்கள் காட்டமாட்டார்கள்.

பொருநைச் செவிலி:
அவர்களே பார்த்துக்கொள்ளச் சொல்லித்தரலாம் தங்கச்சி. அக்குள், மார்புக்குக் கீழ், தொடையிடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடம். வலிக்காது, அரிக்காது, அதனால்தான் தெரியாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நீங்கள் கூட்டிச்சென்றால் உங்கள் முகாமுக்கு வருகிறேன்.