நாளை புனித பிரிஜிட் நாள் (பிப்ரவரி 1): எங்கள் தெருக் குழு, அயர்லாந்து, ஜனவரி 31

கவிதா: வாசுகி அக்கா, கோரைத் தண்டுல பின்ற பிரிஜிட் சிலுவைக்கு எத்தனை கோரை வேணும்? நடு மடிப்பு நிக்கவே மாட்டேங்குது.

வாசுகி அக்கா: சின்னதுக்கு 9 போதும் கவி. வாசலுக்குன்னா கரத்துக்கு 7, நடுத்தண்டு 1, மொத்தம் 29. தண்டு 30 செ.மீ.யாவது இருக்கணும். அறுக்காம கையாலதான் பிடுங்கணும், இங்க கிராமத்துல அதுதான் வழக்கம்.

வாசுகி அக்கா: ஒரு தண்டை நேரா நிறுத்து. இன்னொண்ணை ரெண்டா மடிச்சு அதுமேல மாட்டு, முனை வலப்பக்கம். நடுவை விரலால அழுத்திப் பிடிச்சு, மொத்தத்தையும் இடப்பக்கமா கால் சுத்து திருப்பு. இப்போ முனை மேல பார்க்கும். அடுத்தது மேல நிக்கிற எல்லாத்தையும் சேர்த்து அணைக்கணும், மறுபடி வலப்பக்கம். ஒண்ணை விட்டாலும், பாதியில திசை மாறினாலும் பூட்டு விழாது.

முருகன் மாமா: காய்ஞ்ச கோரையா கவி? மடிக்கிற இடத்துல ஒடியும். பச்சையாவே பின்னு. உள்ள வெள்ளையா பஞ்சு இருக்கு பாரு, அது காயும்போது சுருங்கும், சிலுவையும் தளரும். அதனால இப்பவே இறுக்கி நாலு முனையும் கட்டிடு. நறுக்குறது கடைசியில.

முருகன் மாமா: அந்தப் பஞ்சுதான் அந்தக் காலத்து விளக்கு. ஒரு கீற்றுப் பட்டையை மட்டும் விட்டு உரிச்சு, கொழுப்புல தோய்ச்சு எரிப்பாங்க.

கவிதா: ஆமா அக்கா, ரெண்டு தண்டை விட்டுட்டேன்! சிலுவையை எங்க மாட்டணும்?

வாசுகி அக்கா: கதவுக்கு மேல, உள்பக்கம். கூரை வேய்ஞ்ச வீட்டுக்குத் தீ பயம்தானே பெருசு, அதுக்குக் காப்பு. மாட்டுத் தொழுவத்துக்கும் ஒண்ணு. இன்னிக்கு ராத்திரி ஒரு துணியையும் வெளியில செடிமேல போடு, விடியுறதுக்குள்ள எடுத்துடணும். ‘பிரிஜிட் துணி’ன்னு தலைவலிக்குக் கட்டுவாங்க, கன்னு ஈனுற பசு முதுகுலயும் போடுவாங்க.

கவிதா: இன்னொரு நம்பிக்கை சொல்றாங்களே, மே மாசம் ஹாதார்ன்ங்கிற முள்மரத்துப் பூ வீட்டுக்குள்ள வரக்கூடாதாமே?

முருகன் மாமா: கூடவே கூடாது, சாவு வரும்பாங்க. பூவுல டிரைமெத்திலமைன் இருக்கு, பிணம் அழுகும்போது வர்ற அதே வாடை. தனியா நிக்கிற மரத்தைத் தொடவே மாட்டாங்க, தேவதைகளோடதாம். கிளேர் மாவட்டத்துல லட்டூன்ங்கிற இடத்து ஹாதார்ன் மரத்துக்காக 1999-ல கதைசொல்லி எட்டி லெனிஹன் போராடி, புது ரோடு மரத்தை விட்டு விலகிப் போச்சு.

வாசுகி அக்கா: ஏப்ரல் 30 சாயங்காலம் வாசல்படியில மஞ்சப் பூ போடுவாங்க, ப்ரிம்ரோஸ், மார்ஷ் மேரிகோல்ட். வெண்ணெய் நிறம்ல? மறுநாள் பாலோ நெருப்போ வெளியில குடுக்க மாட்டாங்க, வீட்டுல வெண்ணெய் திரள்ற அதிர்ஷ்டமும் கூடவே போயிடும்னு.

கவிதா: சரிக்கா, துணி போட்டாச்சு. சிலுவையைப் பிரிச்சு மறுபடி பின்றேன்.