வினிகரில் போட்ட பூண்டு பச்சையாகிவிட்டது
அக்காமாரே, அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். நான் களியக்காவிளைக்காரி. அமெரிக்காவில் ஃபயர் சைடர் என்று செய்வார்களே, ஆப்பிள் வினிகரில் இஞ்சி, பூண்டு, வெங்காயம், குதிரைமுள்ளங்கி (ஹார்ஸ்ராடிஷ் என்கிற காரமான வேர்) எல்லாம் நான்கு வாரம் ஊறவைத்து, வடிகட்டித் தேன் கலப்பது, அதைத்தான் முயன்றேன். குதிரைமுள்ளங்கிக்கு நான் எங்கே போவேன்? காந்தாரி மிளகாயும் நல்லமிளகும் பச்சை மஞ்சளும் போட்டு, பாறசாலையில் தெரிந்தவர் வீட்டில் காய்ச்சாமல் புளிக்கவைத்த கள்ளு வினிகரை ஊற்றினேன்.

பத்தாம் நாள் பூண்டு நீலப்பச்சை! மாமி கொட்டச் சொல்கிறார். பூண்டின் கந்தகச் சத்தும் புளிப்பும் சேர்ந்தால் அப்படி நிறம் மாறும், கெட்டதல்ல என்று தெரியும். என் பயம் வேறு, வீட்டு வினிகரில் புளிப்பு போதாமல் கெட்டுவிடுமோ என்றுதான். கடை வினிகரில் புளிப்பு (அசிட்டிக் அமிலம்) 4 அல்லது 5 சதவீதம் என்று போட்டிருக்கும். இதில் புளிப்பு எவ்வளவென்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? அப்புறம், தகர மூடி துருப்பிடிக்கிறது, என்ன செய்கிறீர்கள்? நெஞ்செரிச்சல் உள்ள மாமாவுக்கு இதைக் கொடுக்கலாமா, வேண்டாமா?