புயல் அலைக்கு ஒரே எண் சொல்ல முடியாதா?

செல்லூர் கருவாட்டுக்கடை:
மாமனார் வீடு மண்டபத்தில், பாக் நீரிணைப் பக்கம் இருக்கும் வடகடல் ஓரம். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். கடல் ஊருக்குள் ஏறும் என்று பயந்து, வேன் பிடித்து எல்லாரையும் மதுரைக்குக் கூட்டி வந்தேன். புயலோ மன்னார் வளைகுடாவிலேயே நின்று, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் வலுவிழந்துவிட்டது. மூன்று நாள் பிழைப்பு போனது. காயப்போட்டிருந்த நெத்திலி மொத்தமும் மழையில் அழுகிவிட்டது. இனி எந்தப் புயலுக்கும் வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார் மாமனார். புயல் அலை, அதாவது புயலால் கடல் மட்டம் ஏறுவது, அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை என்று இழுக்காமல் ஒரே எண்ணாகச் சொல்லட்டும். தெரியாவிட்டால் சொல்லாமல் இருக்கட்டும்.

திருநகர் டீச்சர்:
தம்பி, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் ஒரே எண் பொய்யான எண்ணாகத்தான் இருக்கும். முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் ஏறுவது கொஞ்சம்தான், ஒரு மில்லிபாருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மிச்சமெல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து வந்து கரையேறினால், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். ஒரே புயல்தான், ஒரு ஊரில் கடல் தெருவுக்கு வருகிறது, அடுத்த ஊரில் உள்வாங்குகிறது. 24 மணி நேரம் முன்னால் கணிக்கும் பாதையில் இன்றும் சராசரியாக 70, 80 கிலோமீட்டர் பிசகு இருக்கிறது. மதுரையிலிருந்து பரமக்குடி போகிற தூரம் அது! அதை வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஒரே எண் எப்படிச் சொல்வது?

2022இல் அமெரிக்காவில் இயன் புயல் டாம்பா விரிகுடாவை நோக்கி வருகிறது என்று பயந்தார்கள். அது தெற்கே விலகிப்போனது. டாம்பாவில் கடல் வற்றித் தரை தெரிந்தது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் 10 முதல் 15 அடி தண்ணீர்.

செல்லூர் கருவாட்டுக்கடை:
சரி டீச்சர், பாதை பிசகும். புயலின் பலம் தெரியுமே? அதை வைத்துச் சொல்லலாமே?

திருநகர் டீச்சர்:
பலத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அமெரிக்காவில் காற்றின் வேகத்தை வைத்துப் புயலை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். 2008இல் ஐக் புயல் டெக்சாஸில் கரையேறும்போது இரண்டாம் வகைதான். ஆனால் விரிந்து பரந்த புயல். பொலிவார் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி தண்ணீர் ஏறியது. இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் 2010இல் அவர்கள் காற்றின் வகைப் பட்டியலிலிருந்து அலை உயரத்தையே எடுத்துவிட்டார்கள். புயலின் அகலம், நகரும் வேகம், கரையில் மோதும் கோணம், கடலடியின் சரிவு எல்லாம் சேர்ந்துதான் அலை. நம் பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 13 மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆழம் குறைந்த கடலில் காற்று தள்ளும் தண்ணீர் கீழே திரும்பிப் போக வழியில்லாமல் கரையில் குவியும்.

தென்கடல்:
பாம்பன்காரன் நான், மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் வேலை. கருவாட்டுக்கடை அண்ணே, தெரியாவிட்டால் சொல்லாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குக் கிளம்பிய ரயில் புயலில் ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டது. அன்று அலை ஏழு மீட்டர் என்பார்கள், அவ்வளவு இல்லை என்பாரும் உண்டு. நடந்து முடிந்ததற்கே ஒரே எண் இல்லை.

டீச்சர், உங்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்பது எங்களுக்குப் பழக்கம்தான். துறைமுகத்தில் 5, 6, 7 கூண்டு ஏற்றுவதே இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்று காட்டத்தான். ஆனால் ‘ஓத மட்டத்துக்கு (வழக்கமாகக் கடல் ஏறி இறங்கும் மட்டம்) மேல் ஒரு மீட்டர்’ என்றால் என் அம்மாவுக்கு என்ன புரியும்? எங்கள் வாசலில் முழங்கால் அளவா, கழுத்து அளவா? 2013இல் பிலிப்பைன்ஸில் ஹையான் புயல் வந்தபோது எச்சரிக்கையைக் கேட்டும் பலர் தங்கிவிட்டார்கள். சுனாமி மாதிரி வரும் என்றிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள்.

திருநகர் டீச்சர்:
ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இப்போது தரைக்கு மேல் எத்தனை அடி என்றுதான் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படி வர வேண்டும். ஆனாலும் அந்த அடிக்கணக்கு ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்றுதான் வரும். கேட்கிறவர் மேல் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலூர் கொத்தனார்:
நடுவில் வருகிறேன். வாசல் மட்டம் தெரிய யாரையும் கேட்க வேண்டாம். மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அமாவாசை அன்று கடல் எதுவரை ஏறுகிறதோ அங்கே கம்பு நட்டு, அந்த மட்டத்தைக் கம்புக்குக் கம்பு கொண்டுவந்து வாசல்படியில் பாருங்கள். படி நாலு அடி உயரத்தில் இருந்து, ஒன்றரை மீட்டர் வரை ஏறும் என்று சொன்னால், ஏறத்தாழ அஞ்சு அடி. படிக்கு மேல் ஒரு அடி தண்ணீர் நிற்கும். அடிக்கிற அலை அதற்கு மேல்.

செல்லூர் கருவாட்டுக்கடை:
இது நல்ல யோசனை அண்ணே. வருகிற அமாவாசைக்கு டியூபோடு போகிறேன். ஆனால் புயல் வராமல் போனால் அந்த மூன்று நாள் கூலியை யார் தருவது என்பதற்கு டீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு இல்லாமல் மேல் எண்ணை நம்பு என்றால் மாமனார் நம்ப மாட்டார்.

திருநகர் டீச்சர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. அரசுதான் கொடுக்க வேண்டும், கேட்க வேண்டிய கேள்விதான்.

தென்கடல்:
அண்ணே, டியூபைப் பிடிக்கும்போது வாசல்படியோடு நிறுத்தாதீர்கள். வெளியே வருகிற ரோட்டையும் அளந்துவிடுங்கள். எங்கள் வீடு மேட்டில்தான் இருக்கிறது, ரோடு முதலில் முங்கிவிடும்.