கால்விரல் கஃப் இரவல் கிடைக்குமா?

கிளிநொச்சி, துணுக்காய், மாங்குளம் பக்கக் கிளினிக்குகளில் சலரோகக்காரரின் கணுக்கால் பிரஷர் பார்க்கிற தாதியர், டொக்டர்மாரிடம் ஒரு உதவி. 2.5 சென்ரிமீற்றர் அகலக் கால்விரல் கஃப் (விரலைச் சுற்றி ஊதிப் பிரஷர் பார்க்கிற பட்டி) ஒன்று சில கிழமைக்கு இரவல் தேவை.

கனகாலச் சலரோகத்தில் கணுக்கால் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிடும். கஃபை எவ்வளவு ஊதினாலும் டொப்ளரின் (நாடி இரத்தோட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கிற கருவி) 'உஷ், உஷ்' நிற்காது. கணுக்கால்-கை விகிதம் (கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் பிரித்தது) 1.40ஐத் தாண்டும். அதை நல்ல இரத்தோட்டம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பாதேங்கோ. கால் நாடி அடைத்து 0.90க்குக் கீழ் போனவரைப் போலவே இவருக்கும் மாரடைப்பு, சாவு ஆபத்துக் கூட. கால் பெருவிரல் நாடி அவ்வளவு இறுகாது, அதுக்குத்தான் இந்தக் கஃப். அங்கே பிரஷர் 30க்குக் கீழ் வந்தால் காலே ஆபத்தில்.

இன்னொன்று, நீங்கள் பதிவது எந்த அளவை? கை 140, பாதத்தின் மேல் நாடி 98, உட்கணுக்காலுக்குப் பின் நாடி 112 என்று வையுங்கோ. கூடியதை எடுத்தால் 0.80, குறைந்ததை எடுத்தால் 0.70. கால் நாடி அடைப்பு நோயை உறுதிசெய்யக் கூடியதை எடுப்பதுதான் வழமை. ஆனால் உயிராபத்து உள்ளவரைத் தவறவிடாமல் இருக்கக் குறைந்ததும் வேணும். இரண்டையும் எழுதுகிற படிவம் வைத்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கோ.

சைக்கிள் மிதித்து வந்த கையோடு அளந்தால் நாடி அடைத்த காலில் பிரஷர் விழுந்திருக்கும். 10 நிமிடம் மல்லாக்கப் படுக்கட்டும். டொப்ளர் முனையான 8 மெகாஹேர்ட்ஸ் புரோபைத் தோலில் அழுத்தினால் நாடியே நசிந்து சத்தம் போய்விடும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டுச் சரித்துப் பிடியுங்கோ.

புரோப் வயர் அடியில் முறிந்தால் வவுனியாவில் யார் திருத்துவினம்? தெரிந்தவை சொல்லுங்கோ.